வேரோடு பிடுங்காதீர்கள்!

சிறுசேரியிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருந்தார். அதில் மூன்று பக்கம் மாமியாரைப் பற்றி. ஒரு பக்கம் மண்ணைப் பற்றி. "மாமியாரைப் பற்றி எழுதியதைப் பிரசுரிக்க வேண்டாம். மண்ணைப் பற்றிய சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்" என்று கடைசி வரியில் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விசாரிக்கப் போன இடத்தில் மாமியார் விஷயமும் மண் விஷயமும் ஒரே விஷயமாக முடிந்துவிட்டன! ஆகவே அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, பேரை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடியே உங்களிடம் சொல்கிறேன்.

சிறுசேரி என்றதும் உங்களுக்குக் கண்ணாடிக் கட்டடங்கள்தாம் ஞாபகம் வரும். காலை வேளையில் பழைய மாமல்லபுரம் சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்து போவதைப் பார்த்தால், ஊரே கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளப் போகிறதோ என்று தோன்றும். ஆனால் செங்கற்பட்டுச் சீமைக்கு 'ஏரி மாவட்டம்' என்று ஒரு பேர் உண்டு. ஏரித் தண்ணீரை நம்பி உழுது பிழைத்த கிராமங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். இப்போது அந்த மண்ணின் மேல் அடுக்கு மாடிகள் நிற்கின்றன. மாடிகளின் மேல் பைகளில் மண் நிற்கிறது!

நமது வாசகியும் அப்படி ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர்தான். மொட்டை மாடியில் பன்னிரண்டு பைகளில் தோட்டம் போட்டிருக்கிறார். முதல் வருஷம் கத்தரிக்காய் காய்த்துத் தள்ளியது. அக்கம் பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாராம். இரண்டாம் வருஷம் தக்காளி கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. மூன்றாம் வருஷம் இலைகள் மஞ்சளாக வெளிறிப் போயின. கடையில் விற்கும் உரங்களை வாங்கிப் போட்டார். உரத்துக்குக் கொடுத்த காசில் கோயம்பேட்டில் கூடை கூடையாகக் கத்தரிக்காய் வாங்கியிருக்கலாம் என்று வீட்டுக்காரர் கேலி செய்ய ஆரம்பித்தார்.

இந்தச் சமயத்தில்தான் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மாமியார் வந்து சேர்ந்தார். மாமனார் காலமான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகன் வீட்டோடு வந்துவிட்டவர். மாடிக்கு ஏறி வந்து பார்த்தார். ஒரு பையிலிருந்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். "மண்ணு களைச்சுப் போச்சு, கண்ணு. ஒரு போகம் உளுந்து போடு, தெளிஞ்சிடும்" என்றார். சமையல் அறையிலிருந்து ஒரு பிடி கறுப்பு உளுந்தை அள்ளி வந்து அவரே ஊன்றியும்விட்டார்.

எழுபது நாளில் ஓர் ஆழாக்கு உளுந்து கிடைத்தது. மாமியார் செடிகளை வேரோடு பிடுங்கினார், உதறினார், காய வைத்துத் தட்டி எடுத்தார். மிச்சக் கொடியையெல்லாம் மருமகள் ஒரு சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். பிறகு அதே பைகளில் கத்தரி நட்டார்கள். பலன்? பழைய கதைதான். மறுபடியும் மஞ்சள் இலை.

"உளுந்து மண்ணுக்கு உரம் என்பதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு, அத்தை" என்று மருமகள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "நாப்பது வருஷம் விதைச்சவ நான் பொய்யா சொல்றேன்?" என்று கேட்டுவிட்டு மாமியார் கீழே இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் மாடிக்கு வரவே இல்லை. இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்பதுதான் கடிதத்தின் கேள்வி.

* * *

கேள்வி சின்னதாக இருந்தாலும் லேசான கேள்வி அல்ல. வேளாண்மைப் படிப்புப் படித்த என் சிநேகிதி ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சிறுசேரிக்குப் பஸ் ஏறினேன். போகிற வழியிலேயே எனக்குப் பாடம் ஆரம்பமாகிவிட்டது. அதை உங்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், பரீட்சை இல்லை!

செடி பச்சைப் பசேலென்று வளரத் தழைச்சத்து வேண்டும். நைட்ரஜன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு அதுவே. ஆனால் பாவம், கத்தரிச் செடிக்கு அந்தக் காற்றிலிருந்து ஒரு துளிகூட எடுத்துக்கொள்ளத் தெரியாது. சமுத்திரத்தின் நடுவில் தாகத்தோடு நிற்பவனைப் போல அது நிற்கிறது.

உளுந்து, பாசிப்பயறு, துவரை, காராமணி, கொள்ளு, மொச்சை, அவரை, வேர்க்கடலை முதலான குடும்பம் மட்டும் ஒரு யுக்தி செய்துகொண்டிருக்கிறது. மண்ணில் இருக்கும் ரைசோபியம் என்ற ஒரு வகை நுண்ணுயிரைத் தன் வேரில் குடி வைத்துக்கொள்கிறது. குடியிருக்கச் சின்னச் சின்ன முடிச்சுகளைக் கட்டிக் கொடுத்து, சர்க்கரைச் சத்தும் கொடுக்கிறது. வாடகையாக அந்த நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடி சாப்பிடக்கூடிய பக்குவத்தில் மாற்றிக் கொடுக்கிறது. 1886-ம் வருஷம் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் தம் சகா வில்ஃபார்த்துடன் சேர்ந்து செய்த சோதனைகளைக் கொண்டு இதை உலகத்துக்குச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து பெய்ஜெரிங்க் என்ற டச்சுக்காரர் அந்த நுண்ணுயிரைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். காரணம் தெரியாவிட்டாலும் காரியத்தை நம் நாட்டு உழவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே செய்துகொண்டிருந்தார்கள். நெல்லுக்குப் பின் உளுந்து, சோளத்தோடு துவரை என்று மாற்றி மாற்றி விதைத்தார்களே, அது இதற்காகத்தான்.

"அப்படியானால் மாமியார் கட்சி ஜெயித்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதே. வேரைப் பார்க்க வேண்டும்" என்றாள் சிநேகிதி.

நல்ல வேளையாக, ஒரு மூலைப் பையில் தானாக விழுந்து முளைத்த உளுந்துச் செடி ஒன்று பூவும் பிஞ்சுமாக நின்றது. மண்ணை நனைத்து, மெதுவாகக் கிளறி வேரோடு எடுத்தோம். கடுகு அளவிலும் மிளகு அளவிலும் முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பு! நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற பொருளுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு பொருள் அந்த முடிச்சுக்குள் இருக்கிறதாம். உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

அந்த ஊரில் முடிச்சு இருக்கிறது, வேலையும் நடக்கிறது. பின்னே மண் ஏன் தெளியவில்லை?

* * *

இந்த இடத்தில்தான் மாமியாரை மாடிக்கு அழைத்து வர வேண்டியதாயிற்று. முதலில் வர மறுத்தார். "எனக்கு என்னம்மா தெரியும், படிச்சவங்க நீங்க பார்த்துக்குங்க" என்றார். "நீங்கள் ஊரில் எப்படி விதைப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், அம்மா" என்று கெஞ்சிக் கேட்டதும் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்து வந்தார். பேச ஆரம்பித்ததும் முகமே மாறிவிட்டது.

தை மாதம் சம்பா அறுப்புக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போதே, நெற்கதிர் நிற்கிற வயலில் இறங்கி உளுந்தை வீசி விதைத்துவிடுவார்களாம். காலை வைத்தால் மெழுகு மாதிரி அமுங்குகிற ஈரம் இருக்க வேண்டும். நெல்லை அறுக்கும்போது உளுந்து கீழே இரண்டு இலை விட்டிருக்கும். அதற்குப் பிறகு உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான். பங்குனியில் காய் கறுத்துவிடும். "நெல்லுக் காசு கடனுக்குப் போயிரும். உளுந்துக் காசுதான் எங்க கையில நிக்கும். என் மவளுக்குத் தோடு வாங்கினது உளுந்துக் காசுலதான்" என்றார்.

"இப்போதும் விதைக்கிறார்களா, அம்மா?"

"எங்க? மெசினு வந்து அறுக்குது. முளைச்ச உளுந்து மேல அது ஏறி இறங்கினா சேத்தோட போச்சு. குத்தகைக்காரர் விட்டுட்டார்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். காவிரிப் படுகையில் அறுப்பு யந்திரங்கள் வந்த பின் பல இடங்களில் இந்தச் சிக்கல்தான்.

"சரி, செடியைப் பிடுங்கித் தட்டி எடுத்த பிறகு கொடியை என்ன செய்வீர்கள்?" என்று என் சிநேகிதி கேட்டாள்.

"இதென்ன கேள்வி? மாட்டுக்குத்தான் போடுவோம்."

"சாணி?"

"குப்பைக்குழிக்கு. சித்திரையில வண்டி கட்டி வயலுக்கு அடிப்போம்." சொல்லி முடித்த அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்துவிட்டது. மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "இங்க மாடு ஏது?" என்றார்.

அவ்வளவுதான் சங்கதி! உளுந்துச் செடி காற்றிலிருந்து சம்பாதித்த தழைச்சத்தில் ஒரு பெரும் பங்கு பயறுக்குள் போய்விடுகிறது. பயற்றில் கால் பங்கு புரதம். புரதத்தைக் கட்டுவதற்குத் தழைச்சத்துத்தான் செங்கல். ஒரு கிலோ உளுந்தைச் செடியிலிருந்து எடுத்தால் அதோடு 38 கிராம் தழைச்சத்து அடுப்படிக்குப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் இருப்பது இலையிலும் தண்டிலும் வேரிலும்தான். ஊரில் அது மாட்டின் வயிறு வழியாக வயலுக்கே திரும்பி வந்தது. சிறுசேரியில் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏறிப் போயிற்று. சம்பாதித்ததையெல்லாம் தெருவில் கொட்டிவிட்டுப் பெட்டியில் பணம் இல்லையே என்று தேடினால் எப்படி இருக்கும்?

உளுந்து மண்ணைத் தேற்றும் என்று மாமியார் சொன்னது நிஜம். மண் தேறவில்லை என்று மருமகள் கண்டதும் நிஜம். நடுவிலிருந்த மாட்டை மட்டும் இருவருமே மறந்துவிட்டார்கள்.

* * *

'பன்னிரண்டு பை மண்ணுக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்று கேட்பீர்கள். பைக்காக மட்டுமல்ல, சகோதரிகளே. உங்கள் வீட்டுப் பருப்பு டப்பாவுக்காகவும்தான்.

1961-ல் நம் நாட்டில் ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 69 கிராம் பருப்பு கிடைத்துக்கொண்டிருந்தது. 2001-ல் அது 30 கிராமாகக் குறைந்துவிட்டது! பிறகு மெள்ள ஏறி 2011-ல் 43 கிராமுக்கு வந்தது. இடையில் நடந்தது என்ன? பசுமைப் புரட்சியில் கோதுமைக்கும் நெல்லுக்கும் நல்ல விதை, தண்ணீர், உரம், நிச்சயமான விலை எல்லாம் வந்தன. நாட்டின் பசி தீர்ந்தது. அதைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. ஆனால் பருப்பு, பந்தியில் கடைசியில் உட்கார வைத்த ஏழைச் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டது. நல்ல நிலமும் தண்ணீரும் நெல்லுக்கு. மானத்தை நம்பிய மேட்டாங்காடு பயறுக்கு. மழை பெய்தால் விளைச்சல், பொய்த்தால் வானத்து விலை. 2015-ல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய்க்குப் போனதே, மறந்திருக்கமாட்டீர்கள். அந்த மாதம் எத்தனை வீட்டில் சாம்பார் ரசமாக இளைத்தது!

உலகத்தில் பருப்பு வகைகளை அதிகம் விளைவிப்பதும் நாம்தான். அதிகம் சாப்பிடுவதும் நாம்தான். போதாமல் அதிகம் இறக்குமதி செய்வதும் நாமேதான். 2024-25-ல் எழுபது லட்சம் டன்னுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தது. மியான்மாரிலிருந்து உளுந்து, மொசாம்பிக்கிலிருந்து துவரை, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டைக்கடலை. துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூன்றிலும் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று ஆறு வருஷத் திட்டம் ஒன்றை 2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் அறிவித்தது.

பருப்பு இளைத்தால் யார் இளைக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பாரின் அடியில் இருக்கும் பருப்பு யார் தட்டில் விழும், மேலே நிற்கும் தெளிவு யார் தட்டில் விழும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த ரகசியம். கடைசியில் சாப்பிடுகிறவள் யாரோ, அவள்தான் இளைக்கிறாள். அரிசியில் குறைவாக இருக்கும் 'லைசின்' என்ற சத்து பருப்பில் தாராளம். பருப்பில் குறைவான 'மெத்தியோனின்' அரிசியில் உண்டு. இட்லிக்கு அரிசியோடு உளுந்து, பொங்கலுக்கு அரிசியோடு பாசிப்பருப்பு, அடைக்கு அரிசியோடு நாலு வகைப் பருப்பு என்று சேர்த்து வைத்தவர்கள் நம் பாட்டிமார். வயலிலும் தட்டிலும் அரிசிக்குப் பருப்புத்தான் துணை.

* * *

இந்தத் துணையை மறுபடி கூட்டி வர முடியுமா? முயற்சி செய்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் நமது சிறுசேரிச் சாலைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

அதே பழைய மாமல்லபுரம் சாலையின் வடக்கு மூலையில், தரமணியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1988-ல் ஆரம்பித்தது. பசுமைப் புரட்சியை முன்னின்று நடத்தியவர் என்று உலகம் கொண்டாடிய சுவாமிநாதன், அந்தப் புரட்சியில் பின்தங்கிப்போன பயறுகளை மறந்துவிடவில்லை. அவருடைய நிறுவனத்தார் புதுக்கோட்டை மாவட்டத்தில், இலுப்பூர் வட்டாரத்தில், 'பயறு பஞ்சாயத்து' என்று ஒரு முயற்சி செய்தார்கள். வறண்ட சீமை அது. ஒருவர் மட்டும் பயறு விதைத்தால் ஆடு மாடு மேய்ந்துவிடும், பூச்சியெல்லாம் அங்கேயே வந்து குவியும், விளைந்ததை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும். ஊரே கூடி முடிவு செய்து, மழைத் தண்ணீரைத் தேக்கி, நல்ல விதையை வாங்கி, சேர்ந்து விதைத்துச் சேர்ந்து விற்றால்? அதுதான் பயறு பஞ்சாயத்து. மழையை நம்பிய பிரதேசங்களில் அறுபதாயிரம் பயறு, எண்ணெய்வித்துக் கிராமங்களை உருவாக்கப்போவதாக 2010-11 மத்திய பட்ஜெட்டிலேயே முந்நூறு கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஊர் ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் இது என்ற எண்ணம் டில்லி வரையில் போயிருந்தது. சுவாமிநாதன் 2023 செப்டம்பரில் சென்னையில் காலமானார்.

அதே புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் பயறுகளுக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் என்ற வியாதி உளுந்து வயலையே மஞ்சளாக்கிப் பாழ் செய்துவிடும். அதைத் தாங்குகிற உளுந்து ரகங்களை அங்கே உண்டாக்கினார்கள். 'வம்பன் 8' போன்ற பேர்களைக் கேட்டிருப்பீர்கள். வம்பன் என்றதும் சண்டைக்காரன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், ஊர்ப் பேர்தான்!

* * *

இனி நமது மாடிக்கு வருவோம். முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாடித் தோட்டத்தில் பருப்பு விளைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஏக்கருக்கு நாலு குவிண்டால் உளுந்து விளைகிற வயலிலேயே ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிராம்கூடத் தேறாது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஐந்தாறு கிலோ பருப்பு வேண்டும். ஆகவே மாடியில் பயறு விதைப்பது மண்ணுக்கு. கிடைக்கிற காயும் கீரையும் நமக்கு.

சிறுசேரி மாடியில் அன்று நாங்கள் வகுத்த திட்டம் இது. உங்களுக்கும் உபயோகப்படும்.

சமையலறையில் இருக்கும் முழு உளுந்து, பச்சைப்பயறு, காராமணி எதுவானாலும் சரி. உடைத்த பருப்பு முளைக்காது. முதல் நாள் பத்துப் பயறை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஏழெட்டாவது முளைத்தால்தான் அது விதை.

வேளாண்மை விரிவாக்க மையங்களில் ரைசோபியம் நுண்ணுயிர் உரம் பாக்கெட்டில் கிடைக்கும். வடித்த கஞ்சியை நன்றாக ஆற வைத்து, அதில் இதைக் கொஞ்சம் குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி விதைக்க வேண்டும். கஞ்சி சூடாக இருந்தால் நுண்ணுயிர் செத்துவிடும். புது மண்ணுக்கும் கட்டட மண்ணுக்கும் இது மிகவும் அவசியம்.

யூரியா போடாதீர்கள். கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு வந்தவன் வீட்டில் உலை வைப்பானா? உரம் கையில் கிடைத்தால் செடி முடிச்சுக் கட்டாமல் சோம்பேறியாகிவிடும். தண்ணீரும் அளவோடுதான், உளுந்து தேங்கிய நீரில் நிற்காது.

முப்பது நாளில் ஒரே ஒரு செடியை எடுத்து, முடிச்சைக் கீறிப் பாருங்கள். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மண் மிகவும் களைத்திருந்தால் காய்க்குக் காத்திருக்க வேண்டாம். நாற்பது நாற்பத்தைந்து நாளில், பூ எடுக்கும் சமயம், செடியை அப்படியே நறுக்கி மண்ணோடு புரட்டி, ஈரமாகப் பத்துப் பதினைந்து நாள் விட்டுவிடுங்கள். நம்மாழ்வார் பல தானிய விதைப்பு என்று ஊர் ஊராகச் சொன்னாரே, அதுவும் இந்த முறைதான். தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள், மணப்பயிர் என்று ஐந்து வகையிலும் நாலு நாலு விதையைக் கலந்து தூவி, வளர்ந்ததும் மடக்கிப் புரட்டுவது. நம் அஞ்சறைப் பெட்டியிலுள்ள கடுகு, வெந்தயம், சீரகம், கொத்தமல்லிகூட அதில் சேர்த்திதான்.

காய் வேண்டுமென்றால் பறித்துக்கொள்ளுங்கள். ஆனால் செடியை வேரோடு பிடுங்காதீர்கள்! தரையோடு ஒட்டக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வேரும் முடிச்சும் மண்ணுக்குள்ளேயே மக்கட்டும். இலையையும் தண்டையும் நறுக்கி அதே பையின் மேல் பரப்புங்கள். பயறுச் செடி உயிரோடு நிற்கும்போது பக்கத்துச் செடிக்கு அதிகமாக எதையும் அள்ளிக் கொடுத்துவிடுவதில்லை. மக்கிய பிறகுதான் கொடுக்கிறது. கத்தரி நட அதுவரை பொறுமை வேண்டும்.

கீழே காலி மனை இருக்கிறதா? தண்ணீர் தேங்கும் இடம், உப்புக் கரிக்கும் மண் என்றால் தக்கைப்பூண்டு தாங்கும். பூ எடுக்கையில் மடக்கி உழுதுவிடலாம். காய்ந்த மேடாக இருந்தால் கொள்ளு அல்லது காராமணி. வேலி ஓரத்தில் ஓர் அகத்தியும் துவரையும் போதும். ஒரு எச்சரிக்கை: முருங்கையில் நீளக் காய் தொங்குகிறதே என்று அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள், அது வேறு ஜாதி. புளியமரம் இந்தக் குடும்பம்தான், ஆனால் முடிச்சுக் கட்டாத சோம்பேறி!

* * *

போன வாரம் சிறுசேரியிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. இந்தத் தடவை ஒரே பக்கம். ஆறு பைகளில் காராமணியும் ஆறு பைகளில் உளுந்தும் விதைத்திருக்கிறார்களாம். மாமியார் காலையில் முதல் வேலையாக மாடிக்குப் போய்விடுகிறாராம். அடுக்கு மாடியில் இருக்கும் நாலைந்து வீட்டுப் பெண்கள் அவரிடம் யோசனை கேட்க வருகிறார்களாம். செடியை வெட்டுவதற்கென்று மருமகள் ஒரு புதுக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "அத்தை அதை எங்களைக்கூடத் தொட விடுவதில்லை" என்று எழுதியிருக்கிறார்.

குத்தகைக்காரரிடமும் மாமியார் போனில் பேசியிருக்கிறார். வயல் நடுவில் மெஷின் இறங்கும் என்றால் இறங்கட்டும், வரப்பிலாவது இரண்டு வரிசை உளுந்து ஊன்றக் கூடாதா என்று கேட்டாராம். வரப்பில் உளுந்து நின்றால் நெல்லுக்கு நன்மை செய்யும் பூச்சிகள் அங்கே வந்து தங்கும் என்று வேளாண்மைத் துறையாரும் சொல்கிறார்கள். குத்தகைக்காரர் பார்க்கலாம் என்றிருக்கிறார். தை பிறக்கட்டும், தெரியும்.

உங்கள் வீட்டு மாடியிலோ பால்கனியிலோ களைத்துப்போன தொட்டி ஒன்று நிச்சயம் இருக்கும். இட்லிக்கு ஊறப்போடும்போது முழு உளுந்தில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வையுங்கள். எழுபது நாள் கழித்து என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். மாமியாரைப் பற்றியும் எழுதலாம்; பிரசுரிக்கமாட்டேன்!